களமசேரியில் குணமான ஒருவர், மைதானத்தில் சரிந்த ஒருவர்: தடுப்பூசி பற்றிய சந்தேகத்துக்குத் தரவு என்ன பதில் சொல்கிறது?

கொச்சியில் வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை முடிகிறது. இரவு ஒன்பது மணிக்கு டர்ஃப் புக் செய்திருக்கிறார்கள். நாள் முழுக்க நாற்காலியை விட்டு நகராத உடம்பு, அடுத்த ஒரு மணி நேரம் பந்தின் பின்னால் தலைதெறிக்க ஓடுகிறது. ஆட்டம் முடிந்து சுலைமானி குடிக்கும்போது யாரோ ஒருவர் ஃபோனை நீட்டுகிறார். ஜிம்மிலோ மைதானத்திலோ கல்யாண மேடையிலோ ஓர் இளைஞர் திடீரென்று சரிந்து விழும் வீடியோ. கீழே ஒரு வரி: "கொரோனா ஊசி போட்டதிலிருந்துதான் இதெல்லாம்."

பார்த்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அங்கே இருக்கும் எல்லோரும் ஊசி போட்டவர்கள்தானே.

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆனா அது நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டிருக்கிறார்கள், பதிலும் கிடைத்திருக்கிறது. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்று புரிந்துகொள்ள, நீங்கள் விளையாடும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நடந்த வேறொரு சம்பவத்திலிருந்து தொடங்கலாம். அதில் ஊசியும் இல்லை, விளையாட்டும் இல்லை.

மார்ச் 2020, களமசேரி மருத்துவக் கல்லூரி

எச்.எம்.டி. காலனிப் பக்கம் இருக்கும் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியை ஊரில் எல்லோரும் களமசேரி மெடிக்கல் காலேஜ் என்றுதான் சொல்வார்கள். கொரோனா கேரளத்தில் பரவத் தொடங்கிய நாள்களில் மாவட்டத்தின் தனிமை வார்டு இங்கேதான் இருந்தது. 2020 மார்ச் 15 அன்று, மூணாறில் தங்கிவிட்டு நெடும்பாசேரி விமான நிலையம் வழியாக நாடு திரும்ப முயன்ற பிரிட்டன் சுற்றுலாக் குழு ஒன்று விமானத்திலிருந்து இறக்கப்பட்டது. அதில் ஒருவருக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. அவர் களமசேரிக்குக் கொண்டுவரப்பட்டார். நிலைமை மோசமானது, நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது.

அப்போது கொரோனாவுக்கென்று மருந்து எதுவும் கிடையாது. மருத்துவர்கள் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படும் லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே மாதத்தில் ஜெய்ப்பூரில் இத்தாலியத் தம்பதிக்கும் இதே மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. களமசேரி நோயாளி தேறினார், குணமாகி வெளியே வந்தார். 'எச்.ஐ.வி. மருந்து கொரோனாவைக் குணப்படுத்தியது' என்று செய்தி நாடு முழுக்கப் பரவியது. நம்பாமல் இருக்க முடியுமா? மருந்து கொடுத்தார்கள், ஆள் பிழைத்தார்.

ஆனால் அதே மார்ச் மாதம் சீனாவின் வூஹானிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளியாகியிருந்தது. 199 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 99 பேருக்கு இந்த மருந்தும் 100 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்திருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் குணமாக ஆன காலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 'சரி, 199 பேர் கம்மிதானே' என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் ரெக்கவரி என்ற பெரிய ஆய்வு நடந்தது. மருந்து பெற்றவர்கள் 1,616 பேர், பெறாதவர்கள் 3,424 பேர். 28 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 23 சதவீதம், இரண்டாவது குழுவில் 22 சதவீதம். அதாவது மருந்தால் பயன் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் தன் ஆய்வில் இந்த மருந்தை 2020 ஜூலையில் நிறுத்திவிட்டது.

களமசேரி மருத்துவர்கள் செய்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. உயிருக்குப் போராடும் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு, கையில் இருந்ததைக் கொண்டு முயன்றார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த நோயாளி மருந்து இல்லாமலும் பிழைத்திருப்பாரா என்பதை அவர் ஒருவரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மருந்து வாங்காத, அவரைப் போன்ற ஆள்களையும் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். 'மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார்' என்பதற்குப் பதிலாக 'ஊசி போட்டார், விளையாடும்போது இறந்தார்'. இரண்டும் ஒரே மாதிரி வாக்கியங்கள்தான். முதலாவது நம்பிக்கை கொடுத்தது, இரண்டாவது பயமுறுத்துகிறது.

மைதானத்தில் சரிவது எப்போது தொடங்கியது?

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை நினைவிருக்கிறதா? 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கோப்பையில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டம். பந்தை வாங்கப் போனவர் அப்படியே முகம் குப்புற விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, மருத்துவக் குழு மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டது. அடுத்த சில மணி நேரத்தில் அவர் ஃபைசர் ஊசி போட்டிருந்தார் என்ற தகவல் உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த இன்டர் மிலான் அணியின் இயக்குநர் வெளிப்படையாகச் சொன்னார்: எரிக்சன் எந்தக் கொரோனா ஊசியும் போட்டிருக்கவில்லை, அவருக்குக் கொரோனா வந்ததும் இல்லை. மறுப்பு வழக்கம்போல வதந்தியின் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்துக்கே வருவோம். ஆர். தனராஜன், பாலக்காட்டுக்காரர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடிய தடுப்பாட்டக்காரர். 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் முதல் பாதியில் நெஞ்சுவலி என்று சொல்லிச் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. வயது 39.

தேதியைக் கவனியுங்கள். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதியானது 2020 ஜனவரி 30 அன்று. தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 2021 ஜனவரி 16. தனராஜன் இறந்தபோது இந்தியாவில் வைரஸும் பதிவாகவில்லை, ஊசியும் இல்லை. அதற்கு முன்னாலும் இருக்கிறார்கள். கேமரூனின் மார்க் விவியன் ஃபோ, 2003-ல் பிரான்ஸின் லியோன் நகரில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின் நடுவே சரிந்தார். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், 2004 டிசம்பரில் பெங்களூருவில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த கையோடு கோல்கீப்பருடன் மோதி விழுந்து இறந்தார். பெங்களூரு மார்ஸ் அணியின் டி. வெங்கடேஷ் 2012-ல் ஆட்டத்தின்போது விழுந்தார். அங்கே ஆம்புலன்ஸ்கூட இருக்கவில்லை.

இளம் வீரர்கள் மைதானத்தில் இறப்பது புதிது அல்ல. ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் கேமரா இருப்பது ஓரளவு புதிது.

சரி, இறப்பு முன்பும் இருந்தது, ஆனா இப்போ அதிகமாகிவிட்டதோ? அதுதானே உண்மையான கேள்வி. அதற்குச் சம்பவங்கள் போதாது, எண்ணிக்கை வேண்டும்.

29-ஐ வைத்து நடந்த விளையாட்டு

இணையத்தில் பரவிய ஒரு பிரபலமான கணக்கு இப்படிப் போனது. முன்பெல்லாம் உலகத்தில் ஆண்டுக்கு 29 விளையாட்டு வீரர்கள்தான் திடீரென்று இறந்தார்கள். தடுப்பூசி வந்த பிறகு அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

29 எங்கிருந்து வந்தது? 1966 முதல் 2004 வரை மருத்துவ ஆய்விதழ்களில் எழுதப்பட்ட, 35 வயதுக்கு உட்பட்ட வீரர்களின் திடீர் மரணங்களைத் தேடித் தொகுத்த ஒரு கட்டுரை 2006-ல் வெளியானது. மொத்தம் 1,101 மரணங்கள். அதை 38 ஆண்டால் வகுத்தால் 29. ஆனால் அது ஆய்விதழில் யாராவது ஒரு மருத்துவர் உட்கார்ந்து எழுதியதால் பதிவான மரணங்களின் எண்ணிக்கை, உலகில் நடந்த மொத்த மரணம் அல்ல. மறுபக்கம் இருந்த ஆயிரத்துச் சொச்சம், செய்திகளிலிருந்தும் சமூக ஊடகங்களிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த பட்டியல். ஒரு பக்கம் தூண்டிலில் பிடித்த மீன், மறுபக்கம் சீன வலையில் பிடித்த மீன். ஃபோர்ட் கொச்சியில் நின்று இரண்டையும் எண்ணிவிட்டு, 'கடலில் மீன் பெருகிவிட்டது' என்று சொல்வது மாதிரிதான் இது.

ஒரே வலையை வைத்து இரண்டு காலத்தையும் எண்ணியிருக்கிறார்களா? எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜொனாதன் டிரெஸ்னர் என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் இருக்கிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இதயவியல் மையத்தை நடத்துகிறார். சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மருத்துவராகவும் இருக்கிறார். வீரர்களின் இதயம்தான் அவருடைய ஆராய்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மைதான ஓரத்தில் அவர் பார்க்கும் வேலையும் அதுவே. அவர் இடம்பெற்ற குழு, நாடு முழுவதும் இளம் போட்டி வீரர்களுக்கு ஏற்பட்ட இதய நிறுத்தங்களை ஒரே முறையில் பதிவுசெய்துவரும் தொகுப்பை எடுத்துப் பார்த்தது. 2017 முதல் 2019 வரை, அதாவது கொரோனாவுக்கு முன் மூன்று ஆண்டில், 203 பேர். 2020 முதல் 2022 வரை 184 பேர். இதில் பிழைத்தவர்களும் அடக்கம். அதிகரிப்பு இல்லை.

ஒரு தரவுப் பத்திரிகையாளராக இங்கே ஒரு சின்னக் கொக்கி போட்டாக வேண்டும். 2020-ல் ஊரடங்கு. ஆட்டங்களே குறைவு, அதனால் எண்ணிக்கையும் குறைந்திருக்கலாம். உண்மைதான். ஆனால் 'பல மடங்கு பெருகிவிட்டது' என்ற கதை உண்மையாக இருந்தால், எந்த ஊரடங்கும் அதை மறைத்திருக்க முடியாது. இன்னொன்றும் பாருங்கள்: கொரோனாவுக்கு முன்பே, அமெரிக்கா ஒன்றில் மட்டும், ஆண்டுக்குச் சராசரி 68 இதய நிறுத்தங்கள். உலகம் முழுக்க 29 என்ற எண் எவ்வளவு பொத்தலானது என்று இதிலேயே தெரிகிறது.

அமெரிக்கா இருக்கட்டும், இந்தியாவில்?

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி தனியாகவே கேட்கப்பட வேண்டியது. நம் மரபணு வேறு, சாப்பாடு வேறு, போட்டுக்கொண்ட ஊசியும் வேறு. இந்தியர்களுக்கு மாரடைப்பு சின்ன வயதிலேயே வருகிறது என்பது இதய மருத்துவர்கள் பல ஆண்டாகச் சொல்லிவருவது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாம் ஐசிஎம்ஆர் என்று சொல்லும் அமைப்பு, இதற்காகவே ஓர் ஆய்வு நடத்தி 2023-ல் வெளியிட்டது. நாடு முழுவதும் 47 பெரிய மருத்துவமனைகள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள், முன்பு பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள், 729 பேரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து செய்ததுதான் முக்கியம். இறந்த ஒவ்வொருவருக்கும், அதே வயதில், அதே பாலினத்தில், அதே பகுதியில் உயிரோடு இருக்கும் நான்கு பேரைத் தேடிப் பிடித்தார்கள். மொத்தம் 2,916 பேர். இரண்டு பக்கத்துக்கும் அதே கேள்விகள். ஊசி போட்டாரா? கொரோனா வந்து மருத்துவமனையில் சேர்ந்தாரா? குடிப்பாரா? வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? கடைசி 48 மணி நேரத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்தாரா?

களமசேரியில் 2020-ல் இல்லாதது இதுதான், பக்கத்தில் வைத்துப் பார்க்க நான்கு பேர்.

இறந்தவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்று மட்டும் பார்த்தால் ஏன் போதாது? 2022 தொடக்கத்திலேயே இந்தியாவில் வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு டோஸாவது போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சாலை விபத்தில் இறந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். பாம்பு கடித்து இறந்தவர்களிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் வேட்டி கட்டியவர்களுக்குத்தான் அதிகம் வயிற்றுவலி வந்தது என்று சொன்னால், முதலில் எத்தனை பேர் வேட்டி கட்டியிருந்தார்கள் என்று கேட்பீர்கள் இல்லையா?

முடிவு இப்படி வந்தது. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் திடீர் மரணத்துக்கான வாய்ப்பு விகிதம் 0.51. ஒன்று என்றால் வித்தியாசம் இல்லை, ஒன்றுக்கு மேல் என்றால் ஆபத்து அதிகம், கீழே என்றால் குறைவு. ஆக ஊசி போட்டவர்களுக்கு அது போடாதவர்களுக்கு இருந்ததில் சுமார் பாதி. ஒரே ஒரு டோஸ் போட்டவர்களிடம் அந்தப் பாதுகாப்பு தெளிவாகத் தெரியவில்லை.

எது ஆபத்தைக் கூட்டியது? இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது: 5.29. முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது: 3.8. போதைப் பொருள் பயன்பாடு: 2.92. குடும்பத்தில் திடீர் மரணம்: 2.53.

பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி: 3.7.

இந்த 3.7-ஐ எப்படிப் படிப்பது?

இந்த ஆய்வை முதலில் படித்தபோது என் கண் நேராக இந்த எண்ணில்தான் போய் நின்றது. அன்று காலைதான் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன். ஒரு நிமிடம் திக்கென்றது, ஒளிப்பானேன்.

பிறகு பக்கத்தில் இருந்த சின்ன எண்களைப் பார்த்தேன். 3.7 என்பது மைய மதிப்பு. உண்மையான எண் 1.36 முதல் 10.05 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆய்வே சொல்கிறது. வீச்சு இவ்வளவு அகலமாக இருந்தால், அந்தக் கட்டத்தில் விழுந்த ஆள்கள் குறைவு என்று அர்த்தம். ஆபத்தின் திசை தெரிகிறது, அளவு துல்லியமாகத் தெரியவில்லை.

இரண்டாவது, இது விகிதம். மிக அரிதான ஒன்று மூன்று மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். மூன்றாவது, இது அந்த 48 மணி நேரத்துக்கான கணக்கு. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஆயுள் முழுவதற்குமான இதய ஆபத்து குறைகிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் உறுதியானது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பழகாத உடம்பைத் திடீரென்று உச்சத்துக்குத் தள்ளும் அந்த நேரத்தில்தான் ஆபத்து கூடுகிறது. வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வியாழக்கிழமை இரவு மட்டும் சாம்பியன்ஸ் லீக் ஆடுபவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுக்கும் குறைகள் உண்டு. இறந்தவர்களைப் பற்றிய தகவல் பெரும்பாலும் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கியது. துக்கத்தில் இருக்கும் தாய், மகன் எவ்வளவு குடித்தான் என்பதைச் சரியாகச் சொல்வாரா? போதைப் பொருள் பற்றிச் சொல்வாரா? அந்த எண்கள் உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இன்னொன்று, உடம்பு நன்றாக இருப்பவர்களும் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களும்தான் பெரும்பாலும் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொள்வார்கள். அதனால் 0.51 என்பதை 'ஊசி திடீர் மரணத்தைப் பாதியாக்குகிறது' என்று படிக்க நான் தயங்குவேன். ஆனால் ஊசிதான் இளைஞர்களைக் கொல்கிறது என்றால் அந்த எண் ஒன்றுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

இதற்குப் பிறகும் கேள்வி ஓயவில்லை. 2025 ஜூலை 1 அன்று கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஹாசன் மாவட்டத்தில் ஒரே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாரடைப்பால் இறந்ததைக் குறிப்பிட்டு, அவசரமாகத் தடுப்பூசி கொடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் ஐசிஎம்ஆர், எய்ம்ஸ் ஆய்வுகளைக் காட்டி மறுத்தது. எய்ம்ஸ் அப்போது நடத்திவந்த ஆய்வு இன்னும் ஒரு படி ஆழமானது, இறந்தவர்களின் உடல்களையே பரிசோதிப்பது. முதற்கட்ட முடிவின்படி இளைஞர்களின் திடீர் மரணத்துக்கு முதல் காரணம் மாரடைப்புதான், அந்தப் போக்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து பெரிதாக மாறவில்லை. காரணம் தெரியாத மரணங்கள் பலவற்றில் மரபணு மாற்றம் இருக்கிறது.

முதல்வர் கேள்வி கேட்டது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இருபது என்ற எண்ணோடு, முந்தைய ஆண்டு அதே மாதத்தில் அதே மாவட்டத்தில் எத்தனை என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போ ஊசிக்குப் பக்கவிளைவே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதால்தான் சந்தேகம் வளர்கிறது.

இந்தியாவில் போடப்பட்ட சுமார் 220 கோடி டோஸில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கோவிஷீல்டு. அது ஆஸ்ட்ராஜெனிகா உருவாக்கிய ஊசி. அதனால் மிக அரிதாக, ரத்தம் உறைந்து தட்டணுக்களும் குறையும் ஒரு பாதிப்பு வரலாம். பிரிட்டனில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டார்கள். அதனாலேயே 2021 மே மாதத்தில் 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி தரலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஊசி போட்ட சில நாள்களிலிருந்து ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும். நான்கு ஆண்டு கழித்து டர்ஃபில் வந்து காத்திருக்காது.

ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளுக்கு வேறொரு பக்கவிளைவு உண்டு: இதயத் தசை அழற்சி. அதுவும் குறிப்பாக இளம் ஆண்களுக்கு. நார்டிக் நாடுகளில் 2.3 கோடி மக்களின் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வில், 16 முதல் 24 வயது ஆண்களில் இரண்டாவது டோஸுக்குப் பிறகு லட்சத்துக்குக் கூடுதலாக 4 முதல் 7 பேருக்கு ஃபைசரால், 9 முதல் 28 பேருக்கு மாடர்னாவால் இது வந்தது. பெரும்பாலோர் குணமானார்கள். இந்த இரண்டு ஊசிகளும் இந்தியத் திட்டத்தில் பயன்படுத்தப்படவே இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வீடியோக்களில் பேசப்படுவது பெரும்பாலும் இந்த ஊசிகளைப் பற்றித்தான். நீங்கள் போட்டது வேறு ஊசி.

இந்த இரண்டு பக்கவிளைவுகளையும் கண்டுபிடித்தவர்கள் யார்? வாட்ஸ்அப் குழுக்கள் இல்லை. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிய அதே ஆராய்ச்சியாளர்கள்தான். லட்சத்தில் நான்கு பேருக்கு வரும் பாதிப்பைப் பிடித்த அதே முறைக்கு, இளைஞர்கள் கூட்டமாகச் சரிந்து விழுந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்குமா?

கொரோனாவே இதயத்தை என்ன செய்தது?

இந்த விவாதத்தில் ஊசியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நோயைப் பற்றிப் பேசுவதில்லை. தொழில்முறை விளையாட்டு இதில் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. காரணம் பணம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரரின் இதயத்தைப் பரிசோதிக்க எந்த அணியும் தயங்காது.

2020-ல் அமெரிக்காவின் கூடைப்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி, கால்பந்து என்று ஆறு தொழில்முறை லீக்குகள், கொரோனாவிலிருந்து மீண்ட 789 வீரர்களுக்கு ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை மூன்றும் செய்தன. 30 பேருக்கு ஏதோ ஒரு முடிவு சரியில்லாமல் வந்தது. அவர்களை மேலும் சோதித்ததில் ஐந்து பேருக்கு இதய அழற்சி இருந்தது, அதாவது 0.6 சதவீதம். அவர்கள் ஆடாமல் ஓய்வில் வைக்கப்பட்டார்கள். பெரும்பாலான பரிசோதனைகள் நடந்தது தடுப்பூசி வருவதற்கு முன்.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2021 மே 3 அன்று கொல்கத்தா அணியில் நம்ம வருண் சக்கரவர்த்திக்கும் கேரள வேகப்பந்து வீச்சாளர் சந்தீப் வாரியருக்கும் கொரோனா உறுதியானது. மறுநாளே ஐபிஎல் நிறுத்தப்பட்டது, செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில்தான் மறுபடி தொடங்கியது. அவர்களுக்கு அணி மருத்துவர் இருந்தார். அதே மாதத்தில் கொரோனா வந்த உங்களுக்கும் எனக்கும், மீண்ட பிறகு எப்போது ஓடத் தொடங்கலாம் என்று சொல்ல யாரும் இல்லை. ஐசிஎம்ஆர் பட்டியலில் இருந்த 3.8-ஐ இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் போகும் முன்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது ரத்தக் குழாய் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சுவலி என்பார். இதய நிறுத்தம் என்பது இதயத்தின் மின்சாரக் கோளாறு. ஆள் சட்டென்று விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது. மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் முடிவதும் உண்டு.

உங்களுக்கு ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா? ஆடும்போது நெஞ்சு இறுக்குகிறதா? குடும்பத்தில் 50 வயதுக்கு முன் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், அடுத்த டர்ஃப் புக்கிங்குக்கு முன் ஒரு இதய மருத்துவரைப் பார்த்து ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். காய்ச்சலோடு ஆடாதீர்கள். வைரஸ் காய்ச்சல் எதுவாக இருந்தாலும் இதயத் தசையைத் தொட வாய்ப்பு உண்டு. முந்தைய நாள் பார்ட்டியில் நன்றாகக் குடித்திருந்தால் மறுநாள் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். பட்டியலில் மேலே நின்ற எண் அதுதான், 5.29.

பக்கத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், சரியாக மூச்சும் விடவில்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள், சாவிக்கொத்து தேடாதீர்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மாலை நேரத்தில் காக்கநாட்டிலிருந்து களமசேரி மருத்துவக் கல்லூரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எரிக்சன் இன்று உயிரோடு இருப்பதற்கு, அந்த மின் அதிர்ச்சிக் கருவி மைதான ஓரத்திலேயே இருந்ததும் அதை உடனே எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்த ஆள்கள் பக்கத்தில் இருந்ததும்தான் காரணம். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு திரும்பி வந்து, 2024 யூரோ கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோலும் அடித்தார். ஏஇடி எனப்படும் அந்தக் கருவியை இயக்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. திறந்தால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும்.

அடுத்த முறை டர்ஃப் புக் செய்ய அழைக்கும்போது, எத்தனை மணிக்கு இடம் காலி என்று கேட்ட கையோடு, அங்கே ஏஇடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், பத்துப் பதினைந்து டீம்கள் மாதாமாதம் பணம் கட்டும் ஓர் இடத்தில் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.